டர்போ காரில் ‘மிஸ்ஸிங்’: காயிலில் தொடங்கி கம்ப்ரஷன் வரை

நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை எரிபொருள் பற்றியாக வேண்டும். ஏதோ ஒரு சிலிண்டர் தன் முறையில் பற்றாமல் விட்டுவிடுவதே மிஸ்ஸிங். ஐடிலில் வண்டி உதறும். மேடு ஏறும்போது இழுவை குறையும். கிராங்க் ஷாஃப்ட் சென்சார் அந்த நொடிநேரத் தளர்ச்சியைக் கண்டுபிடித்து என்ஜின் விளக்கை எரிய வைக்கும். விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்டுவதே சரி. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அதன் விலையில் பல இக்னிஷன் காயில்கள் வாங்கலாம்.

டர்போ வண்டியில் இந்தக் கோளாறு பெரும்பாலும் அழுத்தி ஓட்டும்போதுதான் முதலில் தலைகாட்டும். டர்போ திணிக்கும் காற்றால் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுகிறது; அழுத்தம் ஏற ஏற, பிளக் முனையில் பொறி தாவ அதிக வோல்டேஜ் தேவைப்படுகிறது. தளர்ந்த காயிலால் அதைக் கொடுக்க முடியாது. பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தாலும் இதே நிலைதான். பல டர்போ என்ஜின்களில் இந்த இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும்.

ஸ்கேனரில் பி0302 என்ற கோளாறுக் கோடு (code) வந்தால் மிஸ்ஸிங் 2-ஆம் சிலிண்டரில். பி0300 என்றால் மிஸ்ஸிங் ஒரே சிலிண்டரில் நிற்கவில்லை. எந்த சிலிண்டர் என்று கோடு சொல்லும், ஏன் என்று சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ளச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: 2-ஆம் சிலிண்டரின் காயிலை 3-க்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்ப்பது. கோடு பி0303 ஆனால் குற்றவாளி காயில். மாறாவிட்டால் அடுத்து பிளக். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தைத்தான் மாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் காரணம் பிடிபடாது. பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்தால் வால்வு கவர் கேஸ்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

காயில், பிளக் இரண்டும் சரியாக இருந்தால் இன்ஜெக்டரையும், டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக வரும் ஹோஸ்களையும் பார்க்க வேண்டும். சென்சார் அளந்த காற்று வழியில் கசிந்தால் பெட்ரோல் மிஞ்சி, பிளக் கரி பிடிக்கும். நேரடி இன்ஜெக்‌ஷன் என்ஜின்களில் இன்டேக் வால்வில் படியும் கரியும் காரணமாகலாம்.

கடைசிச் சோதனை கம்ப்ரஷன். ஒரு சிலிண்டரில் மட்டும் அளவு வெகுவாகக் குறைந்திருந்தால் அதில் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் பக்கம் கோளாறு. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

புதிய பிளக்கை என்ஜின் ஆறிய பிறகு, டார்க் ரெஞ்ச் கொண்டு, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே முறுக்க வேண்டும். அலுமினிய ஹெட்டில் மரை போனால் வேலை பெரிதாகிவிடும். பிறகு கோடை அழித்து, மேட்டில் ஓட்டிப் பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. கம்ப்ரஷன் அளவைக் காட்டாமலே என்ஜினைப் பிரிக்கச் சொல்லும் ஒர்க்‌ஷாப்பில் சாவியைக் கொடுக்க வேண்டாம்.