தூத்துக்குடி வெயிலில் வீட்டிலேயே ஃபிலிம் கழுவலாமா? 20 டிகிரி கணக்கு இதுதான்!

கருப்பு-வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவ டார்க் ரூம்கூட வேண்டாம். வெளிச்சம் புகாத பைக்குள் கைவிட்டு, ஃபிலிமை டேங்கில் ஏற்றினால் போதும். ஆனால், ரோலில் இருக்கும் 36 படங்களுக்கும் இது ஒரே வாய்ப்பு. கெட்டுப்போனால் ‘அன்டூ’ எல்லாம் கிடையாது. வ.உ.சி. துறைமுக நகரமான தூத்துக்குடியில் அந்த வாய்ப்பைக் கெடுப்பது பெரும்பாலும் சூடுதான்.

அது என்ன 20 டிகிரி?

ஃபிலிம் நிறுவனங்கள் சொல்லும் நேரங்கள் பொதுவாக 20 டிகிரி செல்சியஸுக்கானவை. உதாரணமாக, இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு ஐடி-11 டெவலப்பரில் ஏழரை நிமிடம். 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இயங்கிய ஊட்டியில் இந்தக் கவலை குறைவு. தூத்துக்குடியிலோ மே மாதத்தில் மொட்டைமாடி டேங்க் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் அதே ஏழரை நிமிடம் வைத்தால் நெகட்டிவ் அளவுக்கு மீறிக் கறுத்துவிடும். முதலில் அடிவாங்குவது படத்தின் வெள்ளைப் பகுதிகள்தான். உப்பளத்தில் எடுத்த படம் என்றால், உப்புக் குவியல் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும்.

பானைத் தண்ணீர் போதாதா?

போதாது. தண்ணீர் ஆவியாவதால்தான் பானை குளிர்கிறது. கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால், 20 டிகிரிக்கு அது இறங்காது. ஐஸ்தான் வழி. மீன்பிடித் துறைமுகம் இருக்கும் ஊரில் ஐஸுக்கா பஞ்சம்? ஆனால், டெவலப்பருக்குள் ஐஸைப் போட்டுவிடக் கூடாது, வீரியம் குறைந்துவிடும். அகலமான டப்பில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, பாட்டில்களை அதற்குள் நிறுத்த வேண்டும்.

20-ஐத் துரத்தணுமா?

தேவையில்லை. 24 டிகிரியில் நிலையாக வைத்து, நேரத்தைக் குறைத்தால் போதும். ஏழரை நிமிடம் சுமார் 5 நிமிடமாகும். அதற்கும் கீழே போனால் படம் சீராக வராமல் திட்டுத்திட்டாக வரலாம். இதற்கும் வழி இருக்கிறது. ஐடி-11-ஐச் சம அளவு தண்ணீரோடு கலந்தால், 20 டிகிரியில் 13 நிமிடம், 24-ல் சுமார் 9 நிமிடம். கொஞ்சம் முன்பின் ஆனாலும் சமாளித்துவிடலாம்.

கடைசியில் கோட்டை விடாதீங்க

ஸ்டாப் பாத், ஃபிக்ஸர், அலசும் தண்ணீர் எல்லாமே அதே 24-ஐ ஒட்டி இருக்கட்டும். சூட்டில் ஃபிலிம் மேலுள்ள ஜெலட்டின் ஊறி இளகும். திடீரென சூடு மாறினால் சுருக்கம் விழலாம். தெர்மாமீட்டரையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். அது அரை டிகிரி தப்பாகக் காட்டினால்கூட, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தப்பாகக் காட்டும். அதை வைத்து அடுத்த ரோலுக்கு நேரத்தைச் சரிசெய்துவிடலாம்.