சூலகமும் கழியொலியும்

பெண்ணுடலின் உள்ளுறுப்புக்களுள் மாதந்தோறும் தோற்றம் மாறுவனவற்றிற் கருப்பையும் சூலகமும் முதன்மையானவை. கருப்பையின் மாற்றம் மாதவிடாயாக வெளிப்படுதலின் அதனை யாவரும் அறிவர். சூலகத்தின் மாற்றமோ அகத்தே தோன்றி அகத்தே அடங்குவது. கழியொலிக் கருவி வந்த பின்னரே, கத்தி படாத உடலில் அம்மாற்றத்தை நாளுக்கு நாள் காணும் வாய்ப்பு உண்டாயிற்று. அவ்வாய்ப்போடு ஓர் அச்சமும் உடன் வந்தது. 'சூலகத்தில் நீர்க்கட்டி' என அறிக்கையில் ஒரு தொடர் இருந்துவிட்டால், தாயும் மகளும் கலங்குவதையும், மணப்பேச்சு நடக்கும் வீடாயின் அதனை மறைத்து வைப்பதையும் நம்மிடையே காண்கின்றோம். அக்கட்டி பல வேளைகளில் நோயன்று என்பதும், சூலகப் படத்தை மாதவிடாய் வட்டத்தின் நாட்கணக்கோடு சேர்த்தே வாசித்தல் வேண்டுமென்பதும் ஈண்டு விளக்கப்படும்.

மனிதச் செவி கேட்கவல்ல ஒலியின் மேலெல்லை செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள். அதற்கு மேற்பட்டது கழியொலி. வைத்தியர் பயன்படுத்துவது செக்கனுக்குப் பல பத்து இலட்சம் அதிர்வுகளையுடையது. எக்ஸ் கதிருக்கும் இதற்கும் தொடர்பில்லை. உடலினுள்ளே செலுத்தப்படும் ஒலி இழையங்களின் எல்லைகளிற் பட்டு மீள, அவ்வெதிரொலியைக் கருவி படமாக்குகின்றது. தெளிந்த நீர் எதிரொலி தராமையின் படத்தில் கறுப்பாகத் தோன்றும். ஆகவே கருவி காட்டுவது நீர் நிரம்பிய ஓர் அறை என்பதை மாத்திரமே. அவ்வறை இயற்கையானதா, நோயா என்பதை அதன் அளவும், சுவரும், உள்ளிருப்பதும், பார்த்த நாளும் சேர்ந்தே உணர்த்தும்.

இக்கருவி முதன்முதற் பெயர் பெற்றதும் சூலகக் கட்டியொன்றினாலேயே என்பது பலர் அறியாத செய்தி. கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் என்னும் பேராசிரியரும் அவர்தம் துணைவரும் 1958 இல் வெளியிட்ட ஆய்விலே, தீராப் புற்றுநோயுடையவரெனக் கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வரலாறு உண்டு. கழியொலி அவருக்கிருந்தது மிகப் பெரிய சூலக நீர்க்கட்டியெனக் காட்டிற்று. அது அகற்றப்பட அவர் நலமடைந்தார்.

இனி, இருபத்தெட்டு நாள் வட்டமொன்றினைக் கொள்வோம். மாதவிடாயின் முதல் நாளே வட்டத்தின் முதல் நாள். அந்நாட்களில் இரு சூலகங்களிலும் 2 முதல் 9 மில்லிமீற்றர் வரையான சிறு கறுப்பு வட்டங்கள் பல காணப்படும். இவையே புடைப்புக்கள். 1672 இல் இவற்றை விரித்தெழுதிய ஒல்லாந்தராகிய டி கிராப், புடைப்பு முழுவதையுமே முட்டையென எண்ணினார். உள்ளேயுள்ள உண்மையான முட்டையை 1827 இல் வொன் பேயர் கண்டார். இன்றைய கருவியும் புடைப்பைக் காட்டுமேயன்றி, ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கேயான முட்டையை நமக்குக் காட்டமாட்டாது.

முதல் வார முடிவையண்டி ஒரு புடைப்பு மற்றையவற்றை முந்தி 10 மில்லிமீற்றரைக் கடக்கும், ஏனையவை சுருங்கும். முந்தியது நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் வளர்ந்து, பதினான்காம் நாளளவில் 18 முதல் 25 மில்லிமீற்றர் வரை பருக்கும். அது சுரக்கும் ஈஸ்ரோஜனால் கருப்பையின் உட்படையும் தடித்து மூன்று படைகளாகத் தோன்றும். பின்னர்க் கபச்சுரப்பியின் லூட்டினாக்கும் ஓமோன் பெருகத் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை நாளிற் புடைப்பு உடைந்து முட்டை வெளிவரும். அன்று பார்ப்பின், நேற்றிருந்த வட்டம் ஒடுங்கியிருக்கும். கருப்பைக்குப் பின்னே சிறிது நீர் தேங்கியிருக்கும். அந்நீரும் நோயன்று.

உடைந்த புடைப்பு மஞ்சட் சடலமாகின்றது. படத்தில் மிகுந்த மயக்கந் தருவது இதுவே. தடித்த சுவரும், உள்ளே குருதி உறைந்த வலை போன்ற தோற்றமும், சுற்றிலும் வளையமாகக் குருதியோட்டமுங் கொண்டு, மூன்று சென்ரிமீற்றர் வரையும் இருக்கக்கூடும். இருபதாம் நாளில் இதனைக் கண்டு கட்டியென அஞ்சுவோர் பலர். கருத்தரியாவிடின் ஏறக்குறைய இரு கிழமையில் இது சிதையும். அதனாலேயே, ஐயம் எழுந்தால் ஆறு முதல் பன்னிரண்டு கிழமை கழித்து, மாதவிடாய் முடிந்த அண்மை நாட்களில் மீண்டும் பார்க்குமாறு வைத்தியர் கூறுகின்றனர். காலம் தாழ்த்துகின்றார் என்று அவரை நோவது பொருந்தாது. உடையாது நின்று மூன்று சென்ரிமீற்றரைக் கடந்த புடைப்பும் பெரும்பாலும் இரண்டு மூன்று வட்டங்களில் தானே மறையும்.

வேறொரு மயக்கம் பெயரால் வந்தது. 1935 இல் ஸ்ரெயின், லெவென்தால் என்னும் இருவர் விவரித்த நோய்நிலை இன்று 'பல்கட்டிச் சூலகம்' எனப்படுகின்றது. அங்கே உள்ளவை கட்டிகளல்ல. வளர்ச்சி இடையில் நின்ற புடைப்புக்களே. வளர்ந்தோரிடத்தும் படத்தை மாத்திரங் கொண்டு இந்நோயை முடிவு செய்தலாகாது. மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஓமோன் மிகுதி என்பனவும் நோக்கப்படும். பூப்பெய்தி எட்டாண்டு கழியாத பெண்களிடத்தோ, இந்நோயைத் துணிதற்குக் கழியொலியைப் பயன்படுத்த வேண்டாமென 2018 இல் வெளிவந்த சர்வதேச நெறிமுறை விதித்தது. அவ்வயதிற் பல புடைப்புக்கள் காணப்படுதல் இயல்பு. பள்ளி மாணவியர் கொண்டுவரும் அறிக்கைகளை நோக்குமிடத்து இது பெரிதும் நினைவிலிருத்தத் தக்கது. மேலும், மணமாகாதாரை நம் நாட்டிற் பெரும்பாலும் நிறைந்த சலப்பையோடு வயிற்றின் மேலாகவே பார்ப்பர். அவ்வழியிற் புடைப்புக்களை எண்ணுதல் உறுதியுடையதன்று.

இவ்வாறு கூறியதனால் எல்லாக் கட்டிகளும் தாமே மறையுமெனக் கொள்ளற்க. கட்டியினுள்ளே திண்மமான பகுதி, உட்சுவரில் முளைத்த அரும்புகள், அவற்றிற் குருதியோட்டம், வயிற்றில் மிகுந்த நீர், மாதவிடாய் முற்றாக நின்ற பின் தோன்றிய கட்டி ஆகியன காலந்தாழ்த்தாது ஆராயப்படல் வேண்டும். அடிவயிற்றிலே திடீரெனக் கடும் நோவும் வாந்தியும் உண்டாயின், கட்டியின் கனத்தால் சூலகம் முறுக்குண்டிருத்தல் கூடும். மாதவிடாய் தள்ளிப்போன பின் அந்நோவு வந்தால், கருப்பைக்கு வெளியே கருத்தரித்திருத்தலுங் கூடும். இரண்டும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியவை.

படம் எடுக்கச் செல்பவர் கடைசி மாதவிடாய் தொடங்கிய திகதியைக் குறித்துச் செல்லுதல் நன்று. ஓமோன் குளிசை உட்கொள்பவராயின் அதனையுஞ் சொல்லல் வேண்டும். கருத்தடைக் குளிசை எடுப்போரிடத்துப் புடைப்பு வழக்கம்போல் வளராமையின், மேற்சொன்ன நாட்கணக்கு அவர்க்குப் பொருந்தாது.