விழிக்க மறுக்கும் கணிப்பொறி



மருந்து கொடுப்பதற்கு முன்னால் நாடியைப் பார்ப்பது நம் நாட்டு வைத்தியர் வழக்கம். கணிப்பொறிக்கும் அவ்வழக்கம் பொருந்தும் என்பதைப் பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகே நான் கற்றுக்கொண்டேன். அதற்குக் காரணமாயிருந்தவள், வாழப்பாடியில் எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு கல்லூரி மாணவி.

அவள் தந்தையார் பாக்கு உரிக்கும் தொழிலாளி. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் மகளுக்குப் பழைய மேசைக் கணிப்பொறி ஒன்று வாங்கித் தந்திருந்தார். ஒருநாள் அதன் திரையில், நிலைபொருளைப் புதுப்பிக்குமாறு ஓர் அறிவிப்பு வந்தது. அவளும் இசைந்தாள். புதுப்பித்தல் முடிந்து பொறி மீண்டும் தொடங்கியது. தயாரித்த நிறுவனத்தின் சின்னம் தோன்றி மறைந்தது. பிறகு கருந்திரையில் ஒரு சிறு வெண்கோடு இமைத்துக்கொண்டே நின்றது. அதற்கு மேல் ஒன்றும் நிகழவில்லை.

பழுது பார்ப்பவர் ஒருவர், “தாய்ப்பலகை போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்று கூறிவிட்டார். ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்றே நாள்கள் இருந்தன. அவள் எழுதியதெல்லாம் அந்தப் பொறிக்குள்தான் இருந்தது. “ஐயா, நான் தொட்டதால்தான் கெட்டுப்போயிற்றா?” என்று கண் கலங்கக் கேட்டாள். “பொறு கண்ணு, அது எதுவரை வந்து நிற்கிறது என்று முதலில் பார்ப்போம்” என்றேன்.

நிலைபொருள் என்பது யாது? ஆங்கிலத்தில் ஃபர்ம்வேர் என்பர். மின்விசையை அழுத்தியவுடன் கணிப்பொறியின் செயலிக்குத் தானாக எதுவும் தெரியாது. தாய்ப்பலகையில் பதிந்துள்ள ஒரு சிறு சில்லு, அதற்கு முதற்பாடம் சொல்லித் தருகிறது. நினைவகம் சரியாக உள்ளதா, விசைப்பலகை உள்ளதா எனச் சோதிப்பது முதற்படி. வட்டு எங்கே எனத் தேடுவது இரண்டாம் படி. அவ்வட்டிலுள்ள இயக்க முறைமையை எழுப்பி, அதனிடம் பொறுப்பை ஒப்படைப்பது மூன்றாம் படி.

1981-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியில் இப்பாடம் மாற்ற முடியாத சில்லில் எழுதப்பட்டிருந்தது. பின்னர் அழித்து எழுதக்கூடிய ஃபிளாஷ் நினைவகம் அவ்விடத்தைப் பெற்றது. அதனால் பிழைகளைத் திருத்தவும், பாதுகாப்புக் குறைகளை அடைக்கவும் வழி பிறந்தது. கூடவே ஓர் இடரும் பிறந்தது. எழுதும்போது நடுவில் மின்சாரம் நின்றால் பாடம் பாதியாகிவிடும், பொறி ஊமையாகிவிடும். ஆகவே, புதுப்பித்தல் நடக்கும்போது மின்விசையில் கை வைத்தலாகாது.

ஆயினும் எழுத்து முழுமையாக முடிந்த பிறகும் பொறி நிற்பதுண்டு. புதுப்பித்தலின்போது நாம் அமைத்திருந்த அமைப்புகள் சிலசமயம் அழிந்து, தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. எந்த வட்டை முதலில் நாடுவது, எந்த முறையில் அதைப் படிப்பது என்பவை மாறிவிடும். உறுப்பு எதுவும் பழுதாகாமலே பொறி திகைத்து நிற்கும்.

இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி? முதலாவது, பொறுமை. புதுப்பித்த பின் வரும் முதல் தொடக்கம் சில நிமிடங்கள் நீளலாம். பொறி தானே ஓரிரு முறை அணைந்து எழலாம். இரண்டாவது, வெளியே செருகிய பென்டிரைவ், அச்சுப்பொறி முதலியவற்றை நீக்குதல். மூன்றாவது, மின்கம்பியைக் கழற்றி, விசையை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, எஞ்சிய மின்சாரத்தை வடியவிடுதல். நான்காவது, சின்னம் தோன்றும்போது எஃப் 2 அல்லது டெலீட் விசையைத் தட்டி அமைப்புப் பக்கத்தைத் திறக்க முயலுதல். பொறிக்குப் பொறி இவ்விசை வேறுபடும். அப்பக்கம் திறந்தால் நிலைபொருள் உயிரோடிருக்கிறது என்பது உறுதி. திறக்காவிடில், சில பொறிகளில் பென்டிரைவ் வழியே நிலைபொருளை மீட்கும் வசதி உண்டு. அதுவும் இல்லையேல் சில்லில் மீண்டும் எழுதத் தெரிந்தவரை நாடவேண்டும்.

எங்கள் மாணவியின் பொறியில் அப்பக்கம் திறந்தது. நினைவகத்தின் அளவு சரியாக இருந்தது. வட்டுகள் இரண்டும் தெரிந்தன. இரண்டா? ஆம். படங்களைச் சேமிக்க மாமன் வீட்டுப் பழைய வட்டு ஒன்றையும் அவள் இணைத்திருந்தாள். புதுப்பித்த பின் அப்பழைய வட்டு வரிசையில் முதலிடம் பெற்றுவிட்டது. இயக்க முறைமை இல்லாத அவ்வட்டின் வாயிலில் நின்று பொறி விடைக்காகக் காத்திருந்தது. குடிபெயர்ந்தவரின் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும் தபால்காரரைப் போல! வரிசையை மாற்றிச் சேமித்தோம். பொறி விழித்தது. ஆய்வேடு ஓர் எழுத்தும் குறையாமல் இருந்தது. தந்தையாரின் பல வாரக் கூலி தப்பியது.

உலகறிந்த நிகழ்ச்சி ஒன்றையும் கூறுவேன். 2024 ஜூலை 19-ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்னும் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான கோப்பு ஒன்றால், ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் நிலைகுலைந்தன. அது நிலைபொருள் அன்று. ஆயினும் புதுப்பித்தலால் எழாமற்போன பொறிகளே அவையும். நம் நாட்டு விமான நிலையங்களிலும் விமானமேறும் அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதித் தந்தார்கள். அவற்றிலும் உறுப்புகள் பழுதாகவில்லை. பொறியைப் பாதுகாப்பு நிலையில் எழுப்பி, அந்த ஒரு கோப்பை நீக்கியதும் எழுந்தன.

ஆகவே மாணவர்களே, புதுப்பிக்குமுன் மூன்று செய்யுங்கள். உங்கள் உழைப்பை வேறொரு வட்டிலும் படியெடுத்து வையுங்கள். அமைப்புப் பக்கங்களைப் படம் பிடித்து வையுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருப்பின், அதன் 48 இலக்க மீட்புத் திறவுகோலைத் தாளில் குறித்து வையுங்கள். புதுப்பித்த பின் பொறி அதைக் கேட்கக்கூடும். பொறி நின்றுவிட்டால், ஒரு வேளையில் ஒரே ஒரு மாற்றம் செய்து, விளைவைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். பலவற்றை ஒருங்கே மாற்றியவன், பொறி எழுந்தாலும் அது எதனால் எழுந்தது என்று அறியமாட்டான்.

அம்மாணவி இப்போது தெருவில் பிறருடைய பொறிகளையும் பார்த்துத் தருகிறாள். யார் வந்து முறையிட்டாலும் அவள் கேட்கும் முதற்கேள்வி, “எதுவரை வந்து நிற்கிறது?” என்பதே.