வான் தீவுக்கு வேலி

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. ஆனால் படகேறிப் போனால் 19-ஐத்தான் பார்க்க முடியும். கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன.

கடல் மட்டம் உயர்வதுதான் காரணம் என்று உடனே சொல்லிவிடுவோம். அதற்கும் முன்னால் கடப்பாரை வந்துவிட்டது. சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கட்டட வேலைக்கும் பல பத்தாண்டுகள் பவளப்பாறையைப் பெயர்த்துப் படகு படகாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். 2001-இல் சட்டப் பாதுகாப்பு வந்த பிறகும் அது உடனே ஓயவில்லை.

இத்தீவுகள் பவள மணலும் உடைசல்களும் குவிந்த மேடுகள். சுற்றிலும் உள்ள பவளத்திட்டு, மீனவர் வாக்கில் 'பார்', அலையின் வேகத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. நல்ல நிலையில் உள்ள திட்டு அலையின் ஆற்றலில் 90 சதவீதத்துக்கு மேல் குறைத்துவிடும் என்கின்றன உலகளாவிய ஆய்வுகள். பார் போனால் அலை நேரே மணலை அரிக்கும்.

இந்த 21-இல் ஒன்றான வான் தீவுக்கு அதுதான் நடந்தது. 1986-இல் சுமார் 16 ஹெக்டேர்; 2014 வாக்கில் ஏறக்குறைய 2 ஹெக்டேர். பிறகு, துளைகள் கொண்ட காங்கிரீட் கட்டமைப்புகளை ஆயிரக்கணக்கில் கடலடியில் இறக்கினார்கள். அரிப்பு மட்டுப்பட்டது, மணல் சேர்ந்தது, துளைகளுக்குள் மீன்கள் குடிவந்தன. உடைத்த வேலியைச் சிமென்டில் கட்ட இவ்வளவு செலவு! பவளம் அதைக் கூலியில்லாமல் கட்டிக்கொண்டிருந்தது.

தீவு மட்டுமா? பாரின் மறைவில் நீர் அமைதியாக இருப்பதால்தான் அங்கே கடற்புல் வேர்பிடிக்கிறது. இது பாசியல்ல, நீருக்கடியில் பூக்கும் தாவரம். இதை மேய்ந்து வாழ்கிறது ஆவுளியா என்கிற கடற்பசு. நாளொன்றுக்கு 30, 40 கிலோ புல் தின்னும் இந்தப் பாலூட்டி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டிதான் ஈனும். வலையில் சிக்கி ஒன்று மூச்சுமுட்டிச் செத்தாலும் ஈடுகட்டப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

காங்கிரீட்டால் அலையைத் தடுக்கலாம், வெயிலை அல்ல. கோடையில் நீரின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடித்தால், பவளம் தனக்குள் வாழ்ந்து உணவூட்டும் நுண்பாசிகளை வெளியேற்றி வெளிறிவிடுகிறது. 2010-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடா வெளிறியது. அலைதடுப்பாகப் போட்ட காங்கிரீட்டின் மேல் பவளம் ஒட்டி வளர்கிறது. அதற்கும் இதே வெயில்தான்.