துப்பாக்கி சுடும் களம் – 7: முன் சைட்டும் பின் சைட்டும்

போட்டிக் கைத்துப்பாக்கியின் சைட் இரண்டு துண்டு உலோகம். குழலின் நுனியில் நிற்கும் கட்டை முன் சைட். கண்ணுக்கு அருகே, நடுவில் சதுரமாக வெட்டப்பட்ட தகடு பின் சைட். அந்த வெட்டுக்குள் முன் சைட் நடுவாக நின்று, இரண்டின் மேல் விளிம்பும் ஒரே கோட்டில் வந்தால் குழல் நேராக இருக்கிறது. பேராக்கின் பழைய தோட்டங்களில் காட்டுப்பன்றிக்கு எடுத்த வேட்டைத் துப்பாக்கியில் பின் சைட்டே கிடையாது. குழல் நுனியில் ஒரு பித்தளை மணி மட்டும் இருக்கும். சிதறிப் பாயும் ரவைகளுக்கு அது போதும். 10 மீட்டர் தள்ளி, 11.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள பத்துப் புள்ளி வட்டத்தில் ஒற்றைக் குண்டைச் சேர்க்க வேண்டியவருக்கு அது உதவாது.

சைட் ஏன் இத்தனை முக்கியம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கை முழுவதும் 3 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து, குழல் நேராகவே இருந்தால், குண்டும் இலக்கில் 3 மில்லிமீட்டர்தான் விலகும். மணிக்கட்டு லேசாகத் திரும்பி, பின் சைட்டின் வெட்டுக்குள் முன் சைட் 0.3 மில்லிமீட்டர் ஒதுங்கினால் நிலைமை வேறு. இரண்டு சைட்டுக்கும் இடையே 330 மில்லிமீட்டர் உள்ள காற்றுக் கைத்துப்பாக்கியில் அந்த 0.3, இலக்கில் 9 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். காற்றுக் கைத்துப்பாக்கி இலக்கில் ஒரு வளையத்திலிருந்து அடுத்த வளையத்துக்கு 8 மில்லிமீட்டர்தான். அதாவது ஒரு முழுப் புள்ளி போய்விடும். கை ஆடுவதைக் கண்டு பதறும் புதியவர்கள், சைட் ஒதுங்குவதைக் கவனிப்பதில்லை. புள்ளி பெரும்பாலும் போவது அங்கேதான்.

இரண்டு சைட்டுக்கும் இடையிலான தூரம் கூடினால் இந்தப் பிழை குறையும். ஆனால் அதை விருப்பம்போல் கூட்ட விதி விடாது. பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி காற்றுக் கைத்துப்பாக்கி முழுவதும் 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். 25 மீட்டர் கைத்துப்பாக்கியில் சைட் இடைவெளி 220 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. இரண்டிலும் திறந்த சைட் மட்டுமே செல்லும். தொலைநோக்கி, கண்ணாடி வில்லை, லேசர், மின்புள்ளி எதுவும் கூடாது. பார்வைத் திருத்த வில்லையைச் சுடுபவர் முகத்தில் அணியலாம், துப்பாக்கியில் பொருத்த முடியாது. ஆகவே சைட் வாங்கப் புறப்படுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது கடைப் பட்டியலை அல்ல, தாம் சுடப்போகும் போட்டியின் விதிப் புத்தகத்தை.

அடுத்தது அகலம். 10 மீட்டர் இலக்கின் கருவட்டம் 59.5 மில்லிமீட்டர். நீட்டிய கையில் முன் சைட் கண்ணிலிருந்து சுமார் 95 சென்டிமீட்டரில் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், கருவட்டத்தின் அகலத்தோடு ஒத்துத் தெரிய அந்தக் கட்டை ஏறக்குறைய 5.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 4.5 மில்லிமீட்டர் கட்டை கருவட்டத்தைவிடச் சற்றுக் குறுகலாகத் தெரியும். பலருக்கு அதுவே வசதி. கை குட்டையானவருக்கு அதே கட்டை பெரிதாகத் தெரியும். எனவே நண்பர் பயன்படுத்தும் அளவைக் கேட்டு வாங்குவதில் பொருளில்லை. கண்ணுக்கும் முன் சைட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை நாடா வைத்து அளந்துவிட்டு வாங்குவதே முறை.

கட்டையின் இருபுறமும் தெரியும் வெளிச்சக் கீற்று இன்னும் நுட்பமானது. கீற்று குறுகலாக இருந்தால் சிறு ஒதுக்கமும் உடனே தெரியும். ஆனால் கண் சீக்கிரம் களைத்து, 60 குண்டுப் போட்டியின் கடைசிப் பகுதியில் கீற்றே மங்கிப்போகும். அகலமாக இருந்தால் கண்ணுக்குச் சுகம், துல்லியம் சற்றுக் குறையும். உயர்தரக் காற்றுக் கைத்துப்பாக்கிகளில் பின் சைட் வெட்டின் அகலத்தைத் திருகு வைத்தே மாற்றலாம். அத்தகைய துப்பாக்கி வைத்திருப்பவர் வேறு சைட் தேடுவதற்கு முன் அந்தத் திருகைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. புதியவர் அகலத்தில் தொடங்கி மெல்லக் குறைத்துவருவது, குறுகலில் தொடங்கி அவதிப்படுவதைவிட மேல்.

ஈப்போ வானம் சைட்டுக்கு ஒரு சோதனை. காலையில் வெளிக்களத்தில் கண்கூசும் வெயில். பிற்பகலில் மேகம் இறங்கி இடிமழை. பளபளக்கும் உலோகத்தில் வெயில் பக்கவாட்டில் பட்டால் ஒரு விளிம்பு மின்னி, மறு விளிம்பு கறுக்கும். கண் மின்னும் பகுதியை மட்டும் கட்டையாக எடுத்துக்கொள்ளும், குண்டு விலகும். அதனால்தான் இலக்குப் போட்டிக்குப் பளபளப்பற்ற கறுப்பே சிறந்தது. வாங்கும்போது மேல் விளிம்பும் பின்முகமும் ஒளியைத் திருப்பாதவாறு வெட்டப்பட்டுள்ளனவா என்று வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் சுடுபவர்கள் கார்பைடு விளக்கின் புகையில் சைட்டைக் காட்டிக் கரி படியவைப்பார்கள். விடியுமுன் பால்மரம் வெட்டப் போன தோட்டத் தொழிலாளர் நெற்றியில் கட்டியிருந்ததும் அதே கார்பைடு விளக்குதான். அந்தக் கரியைப்போல் ஒளியை விழுங்கும் பூச்சு இன்றும் குறைவு.

நாற்பதைத் தாண்டியவருக்குக் கிட்டப் பொருள் மங்கும். இலக்கு மங்கினாலும் பாதகமில்லை, முன் சைட்டின் விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும் என்பதுதான் திறந்த சைட்டின் அடிப்படை விதி. தெரியவில்லை என்றால் மாற்ற வேண்டியது சைட்டை அல்ல, கண்ணாடியை. கண் மருத்துவரிடம் முன் சைட்டின் தூரத்தைச் சொல்லிக் கேட்டால் அதற்கேற்ற வில்லை கிடைக்கும். பல நேரங்களில் அரை டயாப்டர் கூடுதலே போதும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகெச் சாதாரண மூக்குக்கண்ணாடியோடு கலப்பு இரட்டையர் வெள்ளி வென்றதை உலகமே பேசியது. அவர் விட்டுவிட்டது முகத்தில் மாட்டும் கருவிகளைத்தான். துப்பாக்கியின் சைட் மற்றவர்களுடையதைப் போன்றதே.

ஓடி ஓடிச் சுடும் ஐ.பி.எஸ்.சி. போட்டியில்தான் தனியாக வாங்கிப் பொருத்தும் சைட்டுக்கு உண்மையான வேலை. ஓப்பன், புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ் பிரிவுகளில் சிவப்புப் புள்ளி சைட் செல்லும். ஸ்டாண்டர்ட், புரொடக்‌ஷன் பிரிவுகளில் செல்லாது. அங்கே ஒளியிழை பதித்த மெல்லிய முன் சைட்டும் வெறும் கறுப்புப் பின் சைட்டும் பொதுவான தேர்வு. உயரத்தை ஊகிக்க வேண்டாம், கணக்கிடலாம். சைட் இடைவெளி 165 மில்லிமீட்டர், 25 மீட்டரில் குண்டுகள் 10 சென்டிமீட்டர் கீழே விழுகின்றன என்றால், 165-ஐ 100-ஆல் பெருக்கி 25,000-ஆல் வகுக்க 0.66 வரும். முன் சைட் அவ்வளவு மில்லிமீட்டர் தாழ வேண்டும். பின் சைட்டைக் குண்டு போகவேண்டிய திசையிலும், முன் சைட்டை அதற்கு எதிர்த்திசையிலும் நகர்த்துவது பொது விதி.

சிவப்புப் புள்ளியில் பெரிய புள்ளி வேகத்துக்கு, சிறிய புள்ளி துல்லியத்துக்கு. 6 எம்.ஓ.ஏ. (கோண நிமிடம்) அளவுள்ள புள்ளி 25 மீட்டரில் சுமார் 44 மில்லிமீட்டரை மறைக்கும். கண்ணில் சிதறல்பார்வை உள்ளவருக்கு அது வட்டமாகத் தெரியாமல் வால் முளைத்துத் தெரியலாம். பணம் கொடுக்குமுன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இத்தாலியின் எல்.பி.ஏ., அமெரிக்காவின் டாசன் பிரிசிஷன் போன்ற நிறுவனங்கள் ஒரே மாதிரிக்குப் பல உயரங்களில் சைட் தருகின்றன. ஆனால் சைட் உட்காரும் காடி ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வேறு. துப்பாக்கியின் சரியான மாதிரிப் பெயர் இல்லாமல் வாங்கினால் பொருந்தாது.

மலேசியாவில் இன்னொரு படி உண்டு. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுக் கைத்துப்பாக்கியையும் ஆயுதமாகவே கொள்கிறது. துப்பாக்கியின் உறுப்புகளும் அதற்குள் வரும். இந்தக் கடுமைக்குப் பின்னால் பேராக்கின் வரலாறு இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட, அவசரகாலம் பிறந்தது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்றானது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டது அந்தக் குற்றச்சாட்டில்தான். கைத்துப்பாக்கி என்றதும் பழைய தோட்டக் குடும்பங்களில் இன்றும் ஓர் அச்சம் எழுவது நியாயமே. விளையாட்டாக இதைக் கற்கும் இளையோர் அந்த வரலாற்றையும் அறிந்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து எந்தப் பாகத்தை வரவழைப்பதானாலும் கிளப் வழியாகக் காவல்துறையின் உரிமப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். பொருத்தும் வேலையை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் விடுவதே சரி.

பொருத்திய பின், சாய்மேசையில் கையைத் தாங்கவைத்து ஐந்து குண்டுகள் சுட்டு, அவற்றின் நடுப்புள்ளியைக் குறிக்க வேண்டும். பிறகு திருகைப் பத்துச் சொடுக்கு திருப்பி மீண்டும் ஐந்து. இரண்டு நடுப்புள்ளிகளின் தூரத்தைப் பத்தால் வகுத்தால் ஒரு சொடுக்கின் மதிப்பு கிடைக்கும். திருகில் பொறித்துள்ள அம்புக்குறியை மட்டும் நம்பக்கூடாது: சில தயாரிப்புகளில் அது குண்டு போகவேண்டிய திசை, சிலவற்றில் குண்டு தவறிப்போன திசை. தாளில் கிடைத்த மதிப்பையும் திசையையும் துப்பாக்கிப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவைத்தால், போட்டி நாளில் வெளிச்சம் மாறும்போது தேடவேண்டியதில்லை.