கட்டிய பணத்தைக் குறைத்து எழுதாதீர்கள்

ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்த பிள்ளையை ஜப்பானுக்குத் தொழிற்பயிற்சிக்கு அனுப்ப நகையை அடகு வைத்த பெற்றோர் விவரம் கேட்டு வருகிறார்கள். எவ்வளவு கட்டினீர்கள் என்றால் லட்சங்களில் சொல்கிறார்கள். ரசீது எங்கே என்றால் மௌனம். யாரிடம் கட்டினீர்கள் என்றால் ஒரு கைபேசி எண்ணைக் காட்டுகிறார்கள். மீண்டும் மீண்டும் இதே கதை.

திட்டம் உண்மையானது. வளரும் நாட்டுத் தொழிலாளர்களுக்காக ஜப்பான் 1993இல் தொடங்கியது. 2017 அக்டோபரில் இந்தியா ஒப்பந்தம் செய்துகொண்டது. இந்தியாவில் பொறுப்பு தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகத்திடம், அதாவது என்.எஸ்.டி.சி.யிடம் இருக்கிறது. அது அங்கீகரித்த அனுப்பும் நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பட்டியல் ஜப்பானில் இத்திட்டத்தைக் கண்காணிக்கும் ஓ.டி.ஐ.டி. அமைப்பின் இணையதளத்திலும் இருக்கிறது. பணம் கேட்பவரின் நிறுவனப் பெயர் எழுத்துக்கு எழுத்து அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘அவர்களுடைய கிளை நாங்கள்’ என்றால், பட்டியலில் உள்ள நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள். இந்தப் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு ஐ.டி.ஐ. அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட அதிகாரிகளுக்கு என்ன தடை?

வளைகுடா நாடுகளுக்குப் போகும் பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்குக் குடியகல்வுச் சோதனை என்ற ஒரு தடுப்பாவது உண்டு. ஜப்பான் அந்தச் சோதனைப் பட்டியலில் இல்லை. ஆகவே விமான நிலையத்தில் யாராவது தடுத்துக் காப்பாற்றுவார்கள் என்று இருக்காதீர்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். ஜப்பான் குடிவரவுத் துறை தரும் தகுதிச் சான்றிதழ் முதலில் வர வேண்டும். அதில் ‘தொழில்நுட்பப் பயிற்சி’ என்ற வகை இருக்க வேண்டும்.

பலர் கோட்டை விடுவது ஒரு தாளில். பயிற்சிக்காகச் சொந்த நாட்டில் கட்டிய செலவுகளின் விவரத் தாள் ஒன்று விண்ணப்பத்தோடு ஜப்பானுக்குப் போகிறது. யாருக்கு, எந்த நாளில், எதற்காக, எவ்வளவு என்று எழுதிப் பயிற்சியாளர் கையெழுத்திட வேண்டும். ‘கூடுதலாகக் காட்டினால் விசா வராது, குறைத்துப் போடு தம்பி’ என்பார்கள். போடாதீர்கள். நாளைக்குப் புகார் கொடுக்கும்போது உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிர்ச்சாட்சி. ஜப்பான் குடிவரவு முகமை 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, பயிற்சியாளர்கள் சொந்த நாட்டில் கட்டியது சராசரியாகச் சுமார் 5,40,000 யென்; பாதிக்கு மேற்பட்டவர்கள் கடனாளிகள். அந்தக் கடன் ஏட்டில் ஏறாமல் போவதுதான் ஏஜென்டுக்கு வசதி. வங்கி வழியாக மட்டும் கட்டுங்கள். ரசீதில் நிறுவன முத்திரை இருக்கட்டும். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு ஜெராக்ஸ் வீட்டில் இருக்கட்டும்.

அசல் சான்றிதழ், தொகை எழுதாத காசோலை, ‘பாதியில் வந்தால் இவ்வளவு அபராதம்’ என்ற பத்திரம் மூன்றையும் கேட்பார்கள். பிணைத்தொகையும் அபராத ஒப்பந்தமும் இத்திட்டத்தில் தடைசெய்யப்பட்டவை. பாஸ்போர்ட்டையும் வசிப்பு அட்டையையும் ஜப்பான் நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஜப்பான் சட்டம் இதைச் சொல்கிறது. சம்பளம், வாடகைப் பிடித்தம், வேலை நேரம் எழுதிய நிபந்தனைத் தாளை உங்களுக்குப் புரியும் மொழியில் கேட்டு வாங்குங்கள்.

அங்கே போன பிறகு சம்பளம் குறைந்தாலோ அடி, வசவு என்றாலோ பிள்ளைகள் செய்வது தப்பி ஓடுவது. 2023இல் மட்டும் 9,753 பயிற்சியாளர்கள் காணாமல் போனார்கள். ஓடினால் வசிப்புரிமை போகும், சட்டம் தந்த பாதுகாப்பும் கைவிட்டுப் போகும். ஓடாதீர்கள். சம்பளச் சீட்டையும் வேலை நேரக் குறிப்பையும் படமெடுத்து, ஓ.டி.ஐ.டி.யில் புகார் கொடுங்கள். தமிழில் கேட்க அங்கே ஆள் இல்லை, ஆங்கிலம் உண்டு. வந்திறங்கியதும் தரும் பயிற்சியாளர் கையேட்டில் தொடர்பு எண்கள் இருக்கும். சம்பளப் பாக்கிக்கு அந்த வட்டாரத் தொழிலாளர் தர ஆய்வு அலுவலகம் இருக்கிறது. புகார் சொன்னதற்காகப் பயிற்சியை நிறுத்துவது குற்றம். கொடுமை உறுதியானால் வேறு நிறுவனத்துக்கு மாறவும் வழி உண்டு. மறுபடியும் சொல்கிறேன், ஓடாதீர்கள்.

இங்கேயே ஏமாந்தவர்கள் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். ‘இது கொடுக்கல் வாங்கல் தகராறு’ என்று தட்டிக்கழித்தால், புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். சட்டம் தந்த உரிமை அது. ஒரு நகலைச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும், இன்னொன்றை என்.எஸ்.டி.சி.க்கும் அனுப்புங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் உதவி எண் 1800113090.

2027 ஏப்ரலில் இத்திட்டம் போய்ப் புதிய திறன் வளர்ப்பு வேலைவாய்ப்பு முறை வருகிறது. ‘கதவு மூடுகிறது, இன்றே கட்டு’ என்று அவசரப்படுத்துவோரை நம்பாதீர்கள்.

முடித்துத் திரும்புகிறவர்கள் பணத்தை விட்டுவிட்டு வருவதும் நடக்கிறது. ஆறு மாதமாவது ஓய்வூதியச் சந்தா கட்டியிருந்தால் ஒரு தொகை திரும்பக் கிடைக்கும். கிளம்பும் முன் நகராட்சியில் வெளியேறும் அறிவிப்பைக் கொடுங்கள். ஓய்வூதிய எண் உள்ள தாளைப் பத்திரப்படுத்துங்கள். வந்த இரண்டு ஆண்டுக்குள் பாஸ்போர்ட் நகலோடும் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குச் சான்றோடும் ஜப்பான் ஓய்வூதியச் சேவை அமைப்புக்கு விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். அதில் பிடிக்கும் 20.42 விழுக்காடு வரியைத் திரும்பப் பெற, ஜப்பானிலேயே ஒருவரை வரிப் பிரதிநிதியாக நியமிக்கும் படிவத்தை அங்கேயுள்ள வரி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.