சின்ன வயிற்றுக்குச் சமையல்

பத்தியச் சமையல் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதல்ல. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு பத்தியம், காமாலைக்கு ஒரு பத்தியம், அம்மை வார்த்தவர்களுக்கு ஒரு பத்தியம் என்று பாட்டி காலத்திலிருந்து கேட்டும் செய்தும் பழகியவர்கள்தாம் நாம். ஆனால் பாட்டி அறியாத பத்தியம் ஒன்று இப்போது நம் சமையலறைக்குள் நுழைந்திருக்கிறது. உடல் பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையில் ஆபரேஷன் செய்து கொண்டு வீடு திரும்புகிறவர்களுக்கான பத்தியம் அது.

“அதெல்லாம் பட்டணத்துப் பணக்காரர்கள் சமாசாரம். கடலூரிலும் சிதம்பரத்திலும் இருக்கும் நமக்கு என்ன வந்தது?” என்று கேட்கிறீர்களா? 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்ட பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் இருக்க வேண்டியதைவிட அதிக எடை உள்ளவர்கள் என்று அது சொல்லுகிறது. இவர்களில் ஆபரேஷன் வரையில் போக வேண்டியவர்கள் மிகச் சிலரே. அந்த ஆபரேஷன் சென்னையில் நடக்கலாம், புதுச்சேரியில் நடக்கலாம். டாக்டரின் கத்தி வேலை சில மணி நேரத்தில் முடிந்து விடுகிறது. சில நாட்களில் ஆளை வீட்டுக்கும் அனுப்பி விடுகிறார்கள். அதற்கப்புறம் எல்லாம் கடலூர் மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரம் கீழ வீதியிலோ ஓர் அடுப்பங்கரையில் நிற்கும் அம்மாளின் பொறுப்பு. பல வீடுகளில் ஆபரேஷன் செய்து கொண்டவளே அந்த அம்மாளாகவும் இருக்கிறாள் என்பதுதான் வேடிக்கையும் வேதனையும்.

இடம் குறைந்தது, தேவை குறையவில்லை

இப்போது அதிகமாகச் செய்யப்படுபவை இரண்டு வகை. ஒன்று ‘ஸ்லீவ்’. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து விட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போன்ற குழாயாகத் தைத்து விடுகிறார்கள். மற்றொன்று ‘பைபாஸ்’. இரைப்பையின் மேற்புறத்தில் சுமார் இரண்டு மேஜைக் கரண்டி பிடிக்கும் சிறு பையை மட்டும் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலின் கீழ்ப் பகுதியோடு இணைத்து விடுகிறார்கள்.

இந்த வைத்தியத்தின் பூர்வ கதை ஒரு பாடம் கற்பிக்கிறது. 1954ல் அமெரிக்காவில் மின்னஸோட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த கிரமன் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும், சிறுகுடலின் பெரும் பகுதியை ஒதுக்கிவிட்டுக் குறுக்கு வழி போடும் ஆபரேஷனைப் பற்றி எழுதினார்கள். அந்த முறையில் ஆட்கள் இளைத்தார்கள், சந்தேகமில்லை. ஆனால் தின்ற சோறு ஒட்டாமல் ஓயாத பேதியும், சத்துக் குறைவும், ஈரல் கோளாறும் வந்து பலர் அவதிப்பட்டதால் நாளடைவில் அதைக் கைவிட்டு விட்டார்கள். குடற்புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்தவர்கள் மறுபடி பருப்பதில்லை என்பதைக் கவனித்த அயோவா சர்வகலாசாலை டாக்டர் எட்வர்ட் மேஸன், இட்டோ என்பவருடன் சேர்ந்து 1966ல் இரைப்பை பைபாஸைத் தொடங்கினார். இன்றைய முறைகளுக்கு அதுவே வழி காட்டியது.

பாடம் என்னவென்றால், இளைப்பது ஒன்றே லட்சியமல்ல. வயிற்றில் இடம் குறைந்திருக்கிறது. உடம்பின் தேவை குறையவில்லை. நேற்று வரையில் ஒரு முழு இலைச் சாப்பாட்டில் எங்கேயோ ஒளிந்து கொண்டு வந்து சேர்ந்த புரதமும் இரும்பும் சுண்ணாம்பும், இன்று நாலு கவளத்துக்குள் வந்தாக வேண்டும். ஆகையால் இந்தச் சமையலில் வீண் கவளம் என்று ஒன்றுகூட இருக்கலாகாது. இந்த ஒரு வார்த்தையை மனத்தில் வைத்துக் கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கி விடும்.

கலோரிக் கணக்கு

அதிக உடலுழைப்பில்லாத, 55 கிலோ எடையுள்ள நம் நாட்டுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,660 கலோரி வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ல் வெளியிட்ட கணக்கு. ஆபரேஷன் ஆன முதல் இரண்டு வாரங்களில் நோயாளிக்கு உள்ளே போவது பெரும்பாலும் 400 முதல் 600 வரையில்தான். இரண்டாவது மாத முடிவில் 800ஐ ஒட்டி வரும். ஆறு மாதத்தில் 1,000 அல்லது 1,200. வருஷம் திரும்பும்போது 1,200க்கும் 1,500க்கும் நடுவில் நிற்கும். ஆளுக்கு ஆள் இது மாறும். உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த தாளே உங்களுக்குச் சாசனம்.

கலோரி இப்படிப் படிப்படியாக ஏறலாம். புரதம் மட்டும் அவ்வளவு நாள் காத்திருக்காது. நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் கூடிய சீக்கிரம் எட்டிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்போடு சதையும் கரைந்து போகும். மாடிப்படி ஏறக் கால் நடுங்கும். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு பலருக்குக் கொஞ்சம் தலைமயிர் உதிரும். புரதமும் இரும்பும் குறைந்தவர்களுக்குக் கொத்துக் கொத்தாக உதிரும்.

ஓர் இட்டிலியில் சுமார் 60 கலோரி. புரதம் 2 கிராம். ஒரு முட்டையில் சுமார் 70 கலோரி. புரதம் 6 கிராம். இரண்டும் வயிற்றில் ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் அடைக்கின்றன. எதை முதலில் சாப்பிட வேண்டும் என்று இனி நான் சொல்ல வேண்டுமா?

கஞ்சி போதுமா?

முதல் ஓரிரு நாள் தெளிந்த நீர்: இளநீர், காரமில்லாத வடிகட்டிய ரசம், நீர் மோர். அதிலிருந்து இரண்டு வாரம் வரையில் பால், பருப்புத் தண்ணீர், வடிகட்டிய சூப். மூன்றாவது நான்காவது வாரங்களில் மைய மசித்த ஆகாரம். ஐந்தாவது ஆறாவது வாரங்களில் விரலால் நசுக்கினால் நசுங்கும் மெதுவான பதார்த்தம். இரண்டு மாதத்துக்குப் பிறகு வீட்டுச் சமையல், சிறிய அளவில். பொதுவான வரிசை இதுதான்.

இங்கேதான் நம் பழக்கம் நம்மை ஏமாற்றுகிறது. உடம்புக்கு முடியவில்லை என்றால் நமக்குத் தெரிந்தது அரிசிக் கஞ்சி. ஒரு டம்ளர் கஞ்சி குடித்தால் சின்ன வயிறு நிரம்பி விடும். ஆனால் அதில் மாவுச் சத்தைத் தவிர அதிகம் ஒன்றும் இல்லை. அதே டம்ளரில் குழைய வேகவைத்த பாசிப்பருப்பை மசித்து, பாலும் டாக்டர் சொன்ன புரதப் பொடியும் சர்க்கரையில்லாமல் கலந்து பாருங்கள். கஞ்சியின் ரூபமும் இருக்கும், உடம்புக்கும் ஒட்டும். ஒரே மடக்கில் குடிக்கக் கூடாது. குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடையை எடுத்துக் கொள்ளுங்கள். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சட்டும்.

கடலூர்க்காரர்களுக்கு ஒரு பாக்கியம், கடல். மீன் சாப்பிடும் வீடுகளில் மசித்த ஆகாரம் ஆரம்பிக்கும்போது கிழங்கான் மீனை ஆவியில் வேகவைத்து, முள்ளைக் கவனமாக நீக்கி, மசித்துக் கொடுக்கலாம். பிள்ளை பெற்றவளுக்கு நாம் செய்யும் சுறாப் புட்டும் எண்ணெயையும் மிளகாயையும் குறைத்தால் எப்போதாவது ஒரு நாளைக்கு ஆகும். 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதம். மூன்று முட்டைக்குச் சமானம்.

சிதம்பரத்துச் சைவச் சமையலிலும் வழியில்லாமல் இல்லை. தயிர், பனீர், பருப்பு, முளைகட்டிய பயறு, சோயா இவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். கூடப் புரதப் பொடியும் அநேகமாக வேண்டியிருக்கும். ஊரின் பேர் சொல்லும் கத்தரிக்காய்க் கொத்சுகூட இரண்டு மாதம் கழித்து, தோலையும் எண்ணெயையும் குறைத்து, ஒரு கரண்டி போட்டுக் கொள்ளலாம். பருப்பும் தயிரும் உள்ளே போன பிறகுதான் கொத்சு.

மூன்று விதிகள்

முதலாவது: புரதம் முன்னால், காய் பின்னால், சோறு கடைசியில். இரண்டாவது: ஒரு வேளை ஆகாரத்துக்குக் குறைந்தது இருபது நிமிஷம், ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும் வரையில் மெல்ல வேண்டும். மூன்றாவது: சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். சாப்பிட்டு அரை மணி கழித்துத் தொடங்கி, சிறுகச் சிறுக நாளைக்கு ஒன்றரை லிட்டராவது போய்ச் சேர வேண்டும். வைகாசி வெயிலில் இதை மறந்தால் மயக்கம்தான்.

வழுக்கி இறங்கும் சத்துருக்களையும் அடையாளம் தெரிந்து கொள்ளுங்கள். மீனும் பயறும் சின்ன வயிற்றில் நின்று ‘போதும்’ என்று சொல்ல வைக்கும். பாயசம், ஐஸ்கிரீம், சர்க்கரை போட்ட காப்பி ஆகியவையோ தங்காமல் வழுக்கி ஓடி விடும். வாயில் பொடியாகும் முறுக்கும் தட்டையும் அப்படியே. இடம் அடைக்காமல் கலோரியை மட்டும் கொட்டிவிட்டுப் போவதால், இரண்டாம் வருஷத்தில் போன எடை திரும்பி வருவதற்கு இவை நல்ல ராஜபாட்டை. பண்ருட்டி நம் ஜில்லாவாயிற்றே! அந்த முந்திரியிலும் ஜாக்கிரதை வேண்டும். பத்துப் பருப்பில் சுமார் 90 கலோரி.

மார்கழித் திருவாதிரையன்று களி வராத வீடு உண்டா? வெல்லமும் நெய்யும் மணக்கும் களியை, முக்கியமாகப் பைபாஸ் செய்து கொண்டவர்கள், ஒரு கிண்ணம் சாப்பிட்டு விட்டால் அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைதல் எல்லாம் வந்து படுக்க வைத்து விடும். வெல்லம் குடலுக்குள் ஒரேயடியாகப் பாய்வதன் விளைவு இது. பிரசாதமாகக் கிள்ளி வாயில் போட்டுக் கொண்டால் நடராஜப் பெருமான் கோபித்துக் கொள்ளமாட்டார்.

மாத்திரையும் ஓர் ஆகாரமே

நாலு கவளத்தில் எல்லாச் சத்தும் அடங்காது. ஆகவே வைட்டமின், பி12, இரும்பு, சுண்ணாம்பு, டி வைட்டமின் இவற்றை ஆயுள் முழுவதும் டாக்டர் சொல்லும் அளவில் எடுத்துக் கொள்ள வேண்டும். இரும்பு மாத்திரைக்கும் சுண்ணாம்பு மாத்திரைக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது போகட்டும். இரும்பைக் காப்பியோடு விழுங்குவது விழலுக்கு இறைத்த நீர். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் பழைய அளவு மருந்தையே தொடர்ந்தால் ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கும். டாக்டரைக் கேட்டு உடனே குறைக்க வேண்டும். முதல் சில மாதங்களுக்கு உபவாசம் வேண்டாம். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் வரையில் கர்ப்பம் தரிப்பதையும் தள்ளிப் போட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. சாப்பிட்டதெல்லாம் நாள் கணக்கில் வாந்தியாகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். “ஆபரேஷன் ஆனால் அப்படித்தான் இருக்கும்” என்று சும்மா இருந்து விடாதீர்கள். பி1 வைட்டமின் நம் உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் கையிருப்பு இராது. அது தீர்ந்தால் பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சுக் குழம்பும். தாமதித்தால் ஞாபக சக்தியே நிரந்தரமாகக் கெட்டுவிடும். சோர்ந்து போனவரைப் பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போய், “ஒரு பாட்டில் குளுகோஸ் ஏற்றுங்கள்” என்பது நம் ஊர் வழக்கம். பி1 கொடுக்காமல் குளுகோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்சமும் செலவாகி நிலைமை மோசமாகலாம். “இன்ன தேதியில் இரைப்பையில் ஆபரேஷன் ஆயிற்று, இத்தனை நாளாக வாந்தி” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கடலூர் அரசுத் தலைமை ஆஸ்பத்திரியானாலும் சரி, முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று பேர் பெற்றிருந்த சிதம்பரம் அரசு ஆஸ்பத்திரியானாலும் சரி, ஆபரேஷன் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள்.

பரிமாறும் கை

வள்ளலார் 1867ல் வடலூரில் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்தவருக்குச் சோறிடுவதே பெரிய தருமம் என்று கற்ற ஜில்லாவில், “போதும், இனிமேல் போடாதீர்கள்” என்று சொன்னால் யாருக்குத்தான் மனம் ஒப்பும்? மருமகள் மூன்று கவளத்தில் எழுந்தால் மாமியாருக்கு முகம் வாடுகிறது. “என்னடி இது, கோழிக்குஞ்சு கொத்துகிற மாதிரி! இன்னும் ஒரு வாய் போட்டுக் கொள்” என்கிறார். அந்த ஒரு வாய்தான் நெஞ்சில் அடைத்து வாந்தியாக வருகிறது.

ஆனால் அந்த அன்புக்கு வேலை இல்லாமல் போகவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு பல மாதங்கள் இவர்களுக்குப் பசியே சரியாகத் தெரியாது. பசியைத் தூண்டும் சுரப்பு ஸ்லீவில் வெட்டிய பகுதியோடு பெரிதும் போய் விடுகிறது. ஆகவே வேளை தெரியாமல் வேலை செய்து கொண்டே இருப்பார்கள். வீட்டாருக்கெல்லாம் பரிமாறிவிட்டுக் கடைசியில் அடி ரசமும் ஒரு பிடி சோறுமாக முடித்துக் கொள்ளும் நம் பெண்களுக்கு இது இன்னும் அபாயம். மாமியார்மார்களே, நாத்தனார்மார்களே! “இன்னும் கொஞ்சம்” என்று சொல்வதை விட்டுவிட்டு, “மணி பதினொன்று ஆயிற்றே, உன் மோரைக் குடித்தாயா? முட்டையைச் சாப்பிட்டாயா?” என்று கேளுங்கள். அவளை முதல் பந்தியில் உட்கார்த்தி வையுங்கள். சின்னக் கிண்ணத்தில் பருப்பையும் மீனையும் போட்டு, அவள் மென்று முடிக்கும் வரையில் அந்த இருபது நிமிஷமும் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க் கதை பேசுங்கள். கரண்டி சும்மா இருக்கட்டும்.